மதியம் கிளம்பும் வண்டி

கார் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அது அணையும்வரை அவள் எண்ணினாள். பதினொன்று. சாவியைப் பின்னுக்குத் திருப்பி, மறுபடி முன்னுக்குத் திருப்பி, மறுபடி எண்ணினாள். அப்போதும் பதினொன்று. அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் செய்தாள்.

இன்ஜின் சுற்றியது. மேடையேறியவர் பேச்சைத் தொடங்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதுபோல, சுற்றியதே தவிரப் பற்றவில்லை.

மணி ஐந்து இருபது. ஆறு மணிக்குப் பால் ஆலையின் வாசலில் முதல் டேங்கர் வந்து நிற்கும். அவள் மாதிரி எடுத்து, கொழுப்பும் புளிப்பும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் டேங்கரின் குழாயைத் திறப்பார்கள். அவள் வரும்வரை ஓட்டுநர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசலிலேயே நிற்பார். எதுவும் சொல்லமாட்டார், நிற்பார்.

மூன்றாவது முறை முயன்றபோது மாடியில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மா சத்தம் போடுகிறவர் அல்ல. ஜன்னலைச் சாத்துவார், அவ்வளவுதான்.

கணவன் வெளியே வந்தான். கையில் இரண்டு ஹெல்மெட். வண்டி கிளம்பாததைவிட அந்த இரண்டு ஹெல்மெட்தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. என்ன ஆச்சு என்று எட்டிப் பார்க்க வந்தவன் கையில் எதுவும் இருக்காது. இவன் முடிவோடு வந்திருக்கிறான்.

"ஏறு."

"இன்னும் ஒரு தடவை பாக்கறேன்."

"அந்தப் பேட்டரியையும் கொன்னுடாத. போன மாசம்தான் வாங்கின. ஏறும்மா, எனக்கும் திரும்பி வந்து ஒரு மணி நேரமாவது தூங்கணும்."

ஸ்கூட்டரில் ஏறினாள். பெரிய சாலைக்கு வந்ததும் அவன் தலையைப் பக்கவாட்டில் திருப்பிச் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை தம்பி வரேன்னான்."

"வரட்டும்."

"தனியா வரல. ஒரு பார்ட்டியோட வரான். பழைய டீசல் வண்டி வாங்கி விக்கறவராம்."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அதை ஓட்டுகிறவனிடம் சண்டை போட முடியாது. அவன் அதைத் தெரிந்துதான் அங்கே ஆரம்பித்தானோ என்னவோ.

ஆலை வாசலில் இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அது காலையில கிளம்பற மாதிரி பண்ணிட்டா?"

"பண்ணிட்டா, இந்த கார் பத்தி நான் வாயே திறக்கல."

"பண்ணலைன்னா?"

"பண்ணலைன்னா குடுத்துடுவோம். சரியா?"

"சரி" என்றாள். சொன்ன பிறகுதான், எதற்குச் சரி சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

கார் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. அப்போதே அதற்கு வயது பதின்மூன்று. சாம்பல் நிறம், நான்கு கதவு, டீசல். பட்டறையில் ஒருமுறை சர்வீஸுக்கு விட்டாள். அவர்கள் கொடுத்த பில்லைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் அந்த வண்டியின் கையேட்டை இரண்டு நாள் படித்தாள். மூன்றாம் நாள் ஒரு ஸ்பேனர் செட் வாங்கினாள். அதிலிருந்து அந்த வண்டியைத் தொட்டவள் அவள் மட்டும்தான். வேதியியல் படித்தவளுக்கு அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. எதை எவ்வளவு இறுக்க வேண்டும், எதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எல்லாம் அச்சிட்டு இருந்தது. மனிதர்களோடு பழகுவதற்கு அப்படி ஒரு கையேடு அவளுக்கு இதுவரை கிடைக்கவில்லை.

செலவுக்குக் கணக்கு கேட்டது கணவன்தான். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அவன் வேலையே அடுத்தவர் செலவுக்குக் காரணம் கேட்பது. அதனால் அவள் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டாள். இடது பக்கம், பட்டறையில் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகை. வலது பக்கம், அவள் செலவழித்தது. ஞாயிறு மாலைகளில் அவன் அதைக் கையில் பேனாவோடு படிப்பான். இடது பக்கம் எப்போதும் வலதைவிடப் பெரிதாக இருக்கும்படி அவள் பார்த்துக்கொண்டாள். அதில் பொய் ஏதும் இல்லை. ஸ்பேனர்களை மட்டும் எழுதவில்லை. அவை வண்டிச் செலவு அல்ல, வீட்டுச் சாமான் என்று வைத்துக்கொண்டாள். தன் ஞாயிற்றுக்கிழமைகளையும் எழுதவில்லை. அவற்றை எந்தப் பத்தியில் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொழுந்தன் அந்தத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டான். அவன் புதுக் கார் விற்கும் ஷோரூமில் வேலை பார்க்கிறவன்.

"அண்ணி, எல்லாம் சரி. ஜாக்கி எங்க? டார்க் ரெஞ்ச் எங்க? உங்க கணக்குல இரும்பெல்லாம் மரத்துல காய்ச்சதா?"

"அதெல்லாம் எப்பவும் இருக்கும், தம்பி."

"எப்பவும் இருக்கும். வண்டிதான் இருக்காது. மெக்கானிக் அண்ணி, பேசாம என்கிட்ட ஒரு புது வண்டி எடுங்க. மாசத் தவணை. ஏழு வருஷத்துக்கு நீங்க பானட்டைத் திறந்தே பாக்க வேண்டாம்."

திறந்தே பார்க்க வேண்டாம் என்பதை அவன் ஒரு வசதியாகச் சொன்னான். அவளுக்கு அது, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டுத் தூக்கக் கூடாது என்று சொன்னதுபோல இருந்தது.

கணக்கில் இல்லாதது இன்னொன்றும் இருந்தது. கார் வருவதற்கு முன்னால் எட்டு வருடம் அவள் ஆலையின் வேனில் போனாள். வேன் நான்கு நாற்பதுக்கு வரும். ஒரே ஒரு ஹாரன். ஊரைச் சுற்றிப் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டு வருடத்தில் ஒருநாள்கூட அவள் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் போனில் எதைக் கேட்டாரோ அதையேதான் அவளும் கேட்டுக்கொண்டு போனாள். குழந்தை எப்போது, ஏன் இன்னும் இல்லை, யாரிடம் காட்டுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்து வைத்தாள். காரில் முப்பத்தைந்து நிமிடம். அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது ஒரு காரணமாகத் தாளில் ஏறாது. அதனால் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது மூன்று மாதமாக அந்த வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. ஒருநாள் நீண்ட நேரம் சுற்றிவிட்டு வெள்ளைப் புகையோடு கிளம்பும். மறுநாள் கிளம்பவே கிளம்பாது. மதியம் இரண்டு மணிக்கு ஆலையின் நிறுத்துமிடத்தில் சாவியைத் தொட்டால் போதும், நல்ல பிள்ளையாக ஓடும். காலையில் குளிர், மதியம் வெயில். டீசல் வண்டி குளிரில் கிளம்பாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி, அடுத்தது இன்ஜினைச் சூடேற்றும் குளோ பிளக். கையேட்டில் அப்படித்தான் இருந்தது. பேட்டரி மாற்றினாள். பிளக் நான்கையும் மாற்றினாள். வலது பத்தி இடது பத்தியை எட்டிப் பிடித்தது.

புதன்கிழமை மதியம் உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"வாங்கம்மா. இந்த வாரம் என்ன வேணும்?"

"குளோ பிளக் ரிலே."

"போன மாசம் பேட்டரி. அப்புறம் பிளக். இப்ப ரிலே. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? இப்படியே ஒரு அஞ்சு வருஷம் வந்தீங்கன்னா ஒரு முழு வண்டியைப் பொட்டலம் பொட்டலமா என்கிட்டயே வாங்கிடலாம்."

"கிளம்ப மாட்டேங்குதுங்க."

"இன்ஜெக்டரா இருக்கும்."

"மதியம் கிளம்புதே."

"அப்ப மதியம் வேலைக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ரிலே விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அது அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அன்று மாலையே ரிலேயை மாட்டினாள். மாட்டி முடித்த நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. வீட்டுக்கார அம்மா மாடியில் ஓர் அறை கட்டுகிறார். லாரியில் வந்த மணலை முற்றத்தில் கொட்ட வேண்டும்.

"ஏம்மா, இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் வண்டியைத் தெருவுல விட்டுக்கறியா? நாளைக்கு மேல ஏத்திடுவாங்க" என்று கேட்டார். அவள் காரைத் தெருவில் விட்டாள்.

வியாழக்கிழமை காலை ஐந்து இருபதுக்குச் சாவியைத் திருப்பினாள். பதினொன்று எண்ணினாள். ஸ்டார்ட் செய்தாள். ஒரே உறுமலில் கிளம்பிவிட்டது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கணவனுக்கு போன் செய்தாள்.

"கிளம்பிடுச்சு."

"ம்?"

"ரிலேதான். கிளம்பிடுச்சு. கேக்குதா?" போனை டாஷ்போர்டின் மேல் வைத்தாள்.

"கேக்குது, கேக்குது. வெச்சுடு. தூங்கறேன்."

அன்று லேபில் அவள் பாடவில்லை என்பதுதான் பாக்கி. பியூரெட்டில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பார்ட்டியிடம் கணவன் என்ன சொல்லி அனுப்புவான் என்று கற்பனை செய்து பார்த்தாள். மாலை வந்தபோது மணல் மாடிக்குப் போயிருந்தது. காரைப் பழைய இடத்தில் நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலை அது கிளம்பவில்லை.

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்ற ஆத்திரம்தான் வந்தது. ஆனால் ஏமாற்றியது யார் என்று சொல்ல அங்கே ஓர் இரும்புப் பெட்டியைத் தவிர வேறு யாரும் இல்லை. கணவன் வந்தான். இரண்டு ஹெல்மெட்.

சனிக்கிழமை வேனில் போனாள். பக்கத்தில் இருந்தவர், "என்ன, காரைக் காணோம்?" என்று கேட்டார். சிரித்து வைத்தாள்.

ஞாயிறு காலை பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, எதையும் தொடாமல் முற்றத்தில் உட்கார்ந்தாள். லேபில் ஒரு மாதிரி தவறாகக் காட்டினால் அவள் எப்போதும் ஒன்றைத்தான் செய்வாள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பச் சோதிப்பாள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். வண்டி விஷயத்தில் மட்டும் அவசரம். வியாழக்கிழமை ரிலே மாறியிருந்தது. வேறு என்ன மாறியிருந்தது?

காலைதான். குளிர்தான். அதே டீசல்தான். இடம் மட்டும் தெரு.

எழுந்து வாசலுக்குப் போய் நின்று காரைப் பக்கவாட்டில் பார்த்தாள்.

அந்தத் தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வீடுகளெல்லாம் தாழ்ந்துபோயிருந்தன. முற்றத்திலிருந்து தெருவுக்கு ஏற ஒரு சரிவு. முன்பு காரை நேராக உள்ளே இறக்கி நிறுத்துவாள். இன்ஜினிலிருந்து அவ்வப்போது சொட்டும் ஆயில் முற்றத்தின் புதுத் தரையில் வட்ட வட்டமாக விழுந்தது. வீட்டுக்கார அம்மா ஒருநாள் ஒரு துணியைக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் எதிரிலேயே குனிந்து துடைத்தார். அப்போது கணவன்தான் ஒரு வழி சொன்னான். வண்டியை ரிவர்ஸில் இறக்கினால் இன்ஜின் வாசல் பக்கம் வந்துவிடும், ஆயில் தெருவோர மண்ணில் சொட்டிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன. நான்கு வருடத்தில் அந்த வண்டிக்காக அவன் சொன்ன ஒரே யோசனை அது. அவள் அதை நல்ல யோசனை என்று பாராட்டியும் இருந்தாள்.

அதனால் இப்போது வண்டி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. டீசல் டேங்க் பின்னால், பள்ளத்தில். இன்ஜின் மேட்டில்.

அவள் உள்ளே போய், லேபில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயை எடுத்து வந்தாள். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் குழாய். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, நடுவில் இதைச் சேர்த்து, கிளிப் போட்டு இறுக்கினாள். நீண்ட நேரம் சுற்றவிட்டாள். ஒருவழியாக வண்டி கிளம்பியது. குழாய் நிறைய மஞ்சளாக டீசல் ஓடியது. அணைத்துவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழாயின் மேல் முனையில் ஒரு குமிழி. அதன் பின்னால் இன்னொன்று. அரை மணி நேரத்தில் குழாய் முழுவதும் காலி. டீசல், கூட்டம் கலைவதுபோல மெதுவாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், டேங்குக்கே திரும்பிப் போய்விட்டது.

காற்று எங்கோ நுழைகிறது. காற்று நுழைந்தால், சரிவில் நிற்கும் வண்டியில் டீசல் கீழே இறங்கிவிடும். சமதளத்தில் அப்படி இறங்காது. ஆலையின் நிறுத்துமிடம் சமதளம். தெருவும் சமதளம். குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரிக்கும் இல்லை. பிளக்குக்கும் இல்லை. ரிலேக்கும் இல்லை.

எங்கே நுழைகிறது என்று தேட அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ஃபில்டரின் மூடியைச் சுற்றி ஈரம். மூடியைக் கழற்றினாள். உள்ளே ரப்பர் வளையம் தட்டையாகி, ஓரிடத்தில் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஃபில்டரை மாற்றியவள் அவள்தான். புது ஃபில்டர் டப்பாவிலேயே புது வளையம் ஒன்று வந்தது. பழையது நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீணாக்க வேண்டும், அடுத்த முறைக்கு ஆகும் என்று புதியதை எடுத்துவைத்தாள். அதைத் தாளில்கூட எழுதவில்லை. சேமித்தோம் என்று மனதுக்குள் மட்டும் ஒரு சின்னப் பெருமை.

டூல் பெட்டியின் அடித்தட்டில் அது பாலிதீன் பையோடு இருந்தது. மாட்ட ஐந்து நிமிடம் ஆயிற்று. வண்டியைக் கிளப்பி, குழாயில் டீசல் நிறைந்ததும் அணைத்துவிட்டு, மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம். டீசல் ஓர் இழைகூட இறங்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்குத் தன்னையே ஓர் அறை அறையலாம்போல இருந்தது.

நான்கு மணிக்குக் கொழுந்தன் வந்தான். கூடவே பார்ட்டி. பெரிய உடம்பு, சின்னக் குரல். காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவுகளைத் திறந்து மூடினார். டயரை உதைப்பார் என்று அவள் நினைத்தாள். உதைக்கவில்லை. குனிந்து, கதவடியின் துரு இருக்கும் இடத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"முன்னாடியே ஓட்டி வைக்கலையே?" என்று பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்தார். "நல்லா ஆறிக் கிடக்கு. போடும்மா, பாப்போம்."

கணவன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். கொழுந்தன், "அண்ணி, வேணும்னா நாங்க தள்ளறோம்" என்றான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். பதினொன்று எண்ணினாள். சாவியைத் திருப்பினாள். மூக்கை மேலே தூக்கி நின்றிருந்த வண்டி, அந்தச் சரிவிலேயே, ஒரே உறுமலில் கிளம்பியது.

பார்ட்டி பானட்டைத் தூக்கச் சொல்லி, காதைச் சாய்த்து ரொம்ப நேரம் கேட்டார். புகைக்குழாய் பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, சின்னக் குரலில் கொழுந்தனிடம் ஏதோ சொன்னார். கொழுந்தன் புருவத்தை உயர்த்தினான்.

"அண்ணே, கிளம்பாத வண்டின்னு நான் சொன்ன விலை இதுக்குக் கம்மியாம். இருபதாயிரம் சேத்துத் தரேங்கறார்."

"இன்ஜின் சுத்தமா இருக்கு" என்றார் பார்ட்டி. "யார் பாத்துக்கறது?"

"இவங்கதான்" என்றான் கொழுந்தன், அவளைக் காட்டி.

"நல்லா வெச்சிருக்கம்மா. இப்ப இந்த மாதிரி வெச்சுக்க ஆளில்ல."

அவளைப் பற்றி அந்த வண்டியை முன்வைத்து யாராவது நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் முறை. அதைச் சொன்னவர் வண்டியைக் கொண்டுபோக வந்தவர்.

கணவன் கையைப் பிரித்தான். "இருபது சேத்தா..." என்று மேலே பார்த்துக் கணக்குப் போட்டான்.

"வாயே திறக்க மாட்டேன்னீங்க" என்றாள் அவள், காரிலிருந்து இறங்காமலே.

"கார் பத்திதானே திறக்க மாட்டேன்னேன். இது விலை பத்தி."

"அண்ணன் பாயின்ட்டைப் பிடிச்சுட்டாரு" என்றான் கொழுந்தன்.

"நல்லா யோசிச்சுப் பாரு. கிளம்பாத வண்டியை வித்தா நஷ்டம். இப்ப கிளம்புது. விக்கறதுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? நீ பட்ட பாட்டுக்கும் ஒரு பலன்." பிறகு அலுவலகக் குரலில் கேட்டான். "அது சரி, கடைசியில எது? ரிலேதானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரிலே என்றால் ரிலேக்கான செலவு நியாயம். ரிலேயைக் கண்டுபிடிக்கத்தான் பிளக், பிளக்குக்கு முன்னால் பேட்டரி என்று எல்லாம் வரிசையாக நியாயமாகிவிடும். வாய்வரை வந்தது. ஆனால் பன்னிரண்டு வருடமாக, தான் சோதிக்காத மாதிரிக்கு அவள் கையெழுத்துப் போட்டதில்லை.

இன்ஜினை அணைத்தாள்.

"ரிலே இல்ல. பேட்டரியும் இல்ல, பிளக்கும் இல்ல. ஃபில்டர் மூடியில ஒரு ரப்பர் வளையம். புதுசு கையில இருந்தும் பழசையே போட்டுட்டேன். அதுல காத்து போயி, சரிவுல நிக்கறப்ப டீசல் இறங்கிடுச்சு. நேரா நிறுத்தியிருந்தா இவ்வளவு வந்திருக்காது. மூக்கை மேல வெச்சு நிறுத்தினதும் ஒரு காரணம்."

"ஓ. இப்ப பழி என் மேலயா?"

"பழி என் மேலதான். உங்களது பாதி."

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அண்ணி, அந்த வளையம் எவ்வளவு?"

"டப்பாவோட சும்மா வந்தது."

"சும்மா வந்ததை மிச்சம் பிடிச்சு..." அவனால் முடிக்க முடியவில்லை. பார்ட்டிகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கணவன் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். "அப்ப பேட்டரி, பிளக், ரிலே மூணும் தண்டம். பட்டறையில விட்டிருந்தா அவன் புது வளையத்தைப் போட்டிருப்பான். இதெல்லாம் வந்தே இருக்காது. இடது பக்கத்தைவிட வலது பக்கம் எங்கயோ போயிடுச்சு. சரியா?"

"சரி."

"நீ சொன்ன கணக்குப்படியே."

"சரின்னுதான் சொல்றேனே."

"அப்ப இதை வெச்சுக்கறதுக்கு என்ன காரணம்?"

பேனா கையில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மாடி ஜன்னலும் திறந்திருந்தது. அவள் மனதுக்குள் வரிசையாகத் தேடினாள். பட்டறைக் கூலி. புது வண்டியின் தவணை. டீசல் விலை. ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவளே இப்போது அவர்கள் கையில் கொடுத்துவிட்டாள்.

"எனக்கு வேணும்" என்றாள்.

"என்னது?"

"வண்டி எனக்கு வேணும். நான் தனியா போகணும், தனியா வரணும். அந்த வேன்ல இனிமே நான் ஏற மாட்டேன். உங்க ஸ்கூட்டர்லயும் ஏற மாட்டேன். கணக்கு தப்புதான். நஷ்டம்தான். இருந்தாலும் வேணும்."

தன் குரல் அவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது.

பார்ட்டி தொண்டையைச் செருமினார். "சரிம்மா. எப்பவாவது மனசு மாறினா சொல்லு" என்று தன் நம்பர் எழுதிய அட்டையைக் கொழுந்தனிடம் கொடுத்தார், அவளிடம் அல்ல. இருவரும் தெருவுக்கு ஏறிப் போனார்கள். கொழுந்தன் போகிற போக்கில், "அண்ணி, கோவம் வேண்டாம். சும்மா சிரிச்சேன்" என்றான்.

கணவன் காருக்குப் பக்கத்தில் வந்து, ஜன்னலில் முழங்கையை வைத்துக் குனிந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் குழப்பம்தான்.

"இவ்வளவுதானா? இதை நீ முதல்லயே சொல்லியிருக்கலாமே."

அவள் அவனையே பார்த்தாள்.

"நீங்க அதைக் கேக்கலையே. எவ்வளவு ஆச்சுன்னுதானே கேட்டீங்க."

"வேணும்னு சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

சொல்லியிருக்க மாட்டேன் என்று இப்போது சொல்வது அவனுக்குச் சுலபம். சொல்லியிருப்பான் என்று நிரூபிக்க அவளிடம் எதுவும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தில் அத்தனை வருட வாதமும் அவளுடைய முட்டாள்தனமாக மாறிவிட்டதுபோல இருந்தது. ஜெயித்ததற்கு அடையாளமாக உள்ளே ஒன்றும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

"நகருங்க" என்றாள்.

"எங்க போற?"

"வண்டியைச் சமமா இருக்கற இடத்துல நிறுத்தப் போறேன். வளையம் புதுசுதான். இருந்தாலும் ஒரு வாரம் பாக்கணும்."

அவன் நகர்ந்தான். அவள் வண்டியைக் கிளப்பி, சரிவில் ஏறித் தெருவுக்கு வந்தாள். வீட்டுக்கு எதிரே யாருடைய வண்டியோ நின்றது. அதற்கு அடுத்த இடத்தில் குப்பைத் தொட்டி. அதற்கும் அடுத்ததில் ஒரு தள்ளுவண்டி. தெருவின் கடைசிவரை போனாள். மின்கம்பத்துக்கும் ஒரு பூட்டிய கடைக்கும் நடுவில்தான் இடம் கிடைத்தது. இரண்டு முறை முன்னும் பின்னும் எடுத்து நிறுத்திவிட்டு, இறங்கி, சக்கரங்கள் சமமாக நிற்கின்றனவா என்று குனிந்து பார்த்தாள்.

பிறகு அவ்வளவு தூரமும் நடந்து திரும்பினாள். கணவன் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தான்.

"எங்க விட்ட?"

"கடைசியில."

"அவ்வளவு தூரம் காலையில இருட்டுல நடந்து போவியா?"

"போவேன்" என்று சொல்லிவிட்டு, கை கழுவ உள்ளே போனாள்.